ஓடும் காலும் காணும் கண்ணும்

உலகில் உயிர்கள் பலவும் இடம்விட்டு இடம் பெயர்கின்றன; மாந்தரும் நடக்கின்றனர். நடத்தலுக்கென்று ஓர் ஒழுக்கத்தை வகுத்து, அதனைத் துறவியின் ஐந்து சமிதிகளுள் முதலாவதாக வைத்தது ஜினதர்மம். ஈர்யா சமிதி என்னும் அவ்வொழுக்கம் கேட்பதற்கு எளிது. பகல் வெளிச்சத்தில், பிறர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கியவாறு, எவ்வுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைத்தல் என்பதே அது. கேட்பதற்கு எளிதாயினும் கைக்கொள்வதற்கு அரிது. நம்முள் எத்தனை பேர் வீட்டு வாயிலிலிருந்து தெருமுனை வரையிலாவது அவ்வாறு நடந்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

அண்மையில் இளைஞர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவரது குடும்பம் வந்தவாசிப் பக்கத்தைச் சேர்ந்தது. அவர் பணியின் பொருட்டு ஈரோடு மாவட்டம் அந்தியூரில் தங்கியிருக்கிறார். அவருடைய தந்தையார் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் மறைந்தவர். மருத்துவர் மகனைச் சோதித்து, இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் எல்லையைத் தொட்டு நிற்கின்றன என்றும், நாள்தோறும் உடலை நன்கு உழைக்க விடவேண்டும் என்றும் கூறியிருக்கிறார். ஆதலால் அவர் விடியற்காலையில் ஓடத் தொடங்கினார். தெருவில் ஓடிப் பழகியபின் ஊர்ப்புறத்து மண்தடங்களில் ஓடலானார். பவானி கூடுதுறையிலிருந்து அந்தியூர் வழியாகப் பர்கூர் மலையடிவாரம் வரையுள்ள தொலைவை வயல்வழிகளிலும் இட்டேரிகளிலுமாக, வாரம் ஒரு பகுதியாக ஓடி முடிப்பது என்று ஒரு திட்டமும் வகுத்துக்கொண்டார்.

அவருடைய தாயார் ஒருமுறை அங்கு வந்து தங்கியபோது, ஓடிவிட்டு வந்த மகனின் காலணியைத் திருப்பிப் பார்த்தாராம். அடிப்பகுதியில் மண்ணோடு மண்ணாக மரவட்டை ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. "சாமி, இது வேண்டாமப்பா" என்றாராம். இளைஞர் கேட்டது இதுதான்: "மாமா, அம்மா வேண்டாம் என்கிறார், மருத்துவர் வேண்டும் என்கிறார். நான் ஓடுவது பாவமா? இருவரில் எவர் சொல்லைக் கேட்பது?"

இவ்வினா அவருக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் காலையில் ஓடுகின்றனர். உடல்நலம் பேணுதலும் உயிர்நலம் பேணுதலும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும் இவ்விடத்தில் சிராவகன் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொங்கு நாட்டு வழிகள்

கொங்கு நாடு வழிகளால் ஆகிய நாடு. மேலைக் கடற்கரையையும் கீழைச் சமவெளியையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்தது இந்நாடு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல், சேரர் தலைநகராம் கரூரிலிருந்து முசிறித் துறைமுகம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் பாறையில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டு, ராஜகேசரிப் பெருவழி என்னும் நெடுவழியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அதனை 9ஆம் நூற்றாண்டினனாகிய முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பர் அறிஞர்.

இவ்வழிகளில் வணிகச் சாத்துகளோடு அறவோரும் நடந்தனர். அரச்சலூர்க் குகையும், புகழூர் ஆறுநாட்டார் மலையின் கற்படுக்கைகளும், விசயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயமும், நன்னூல் செய்த பவணந்தி முனிவரோடு மரபு தொடர்புபடுத்தும் சீனாபுரமும் அந்நடையின் சுவடுகள். சிரவணபெளகொளத்திலிருந்து விசாக முனிவர் தலைமையில் சங்கம் தமிழ்நாடு நோக்கி நடந்து வந்தது என்னும் மரபை நாம் அறிவோம். நெடுந்தொலைவு வழியைக் காலால் கடத்தல் நமக்குப் புதிதன்று. பிற நாட்டார் இதனை இக்காலத்தில் ஓய்வுப் பயணமாக மேற்கொள்கின்றனர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் வழித்தடம் 1937ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ள பென்னைன் வழி 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவற்றை ஒரே மூச்சில் கடப்போர் சிலர். ஒவ்வொரு பகுதியாக நடந்தோ ஓடியோ கடப்போர் பலர். நம் இளைஞரின் திட்டமும் அவ்வகையினதே.

அவர் ஓடும் இட்டேரி என்பது கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு செல்வம். இருபுறமும் கிளுவை, கள்ளி, ஆவாரை, பிரண்டை முதலியன அடர்ந்த உயிர்வேலி. நடுவே மாடுகளும் வண்டியும் செல்லும் ஒடுங்கிய மண்பாதை. தோட்டங்களைப் பிரிக்கும் எல்லையாகவும், கால்நடைகள் மேய்ச்சலுக்குச் செல்லும் வழியாகவும் அது பயன்பட்டது. உழாத, மருந்து தெளிக்காத நிலமாதலால், வயலில் வாழ இடமற்றுப்போன சிற்றுயிர்கள் அங்கே அடைக்கலம் புகுந்தன. ஓணானும் கீரியும் கௌதாரியும், பொன்வண்டும் சிலந்தியும், எறும்புப் புற்றும் கறையான் புற்றும் நிறைந்த அவ்வேலியை ஒரு சிறு உலகம் எனலாம். ஓடுபவருக்கு நிழலும் மென்மையான தரையும் தருகின்ற அதே வழிதான், உயிர்கள் மிகுதியாக உறைகின்ற வழியுமாகிறது. இவ்விடர்ப்பாட்டை முதலில் தெளிவாகக் கண்டுகொள்ளுதல் வேண்டும்.

எண்ணிக்கை சொல்வது

இவ்வினாவுக்குக் கணக்கின் வழியாக விடை காண முயல்வோர் உளர். அவர்தம் வழியிலேயே சிறிது சென்று பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்த ஒருவருக்கு வாரத்தில் 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும். அல்லது 75 நிமிடம் முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பு வேண்டும். விரைவு நடை முதல் வகை. ஓட்டம் இரண்டாம் வகை. ஆக, ஓட்டம் தரும் நலத்தை நடையும் தரும். நேரம் மட்டும் இருமடங்கு ஆகும்.

விரைந்து நடப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 110 அடி வைப்பார் என்று கொண்டால், 150 நிமிடத்தில் 16,500 அடி. ஓடுபவர் நிமிடத்துக்குச் சுமார் 160 அடி வைப்பார் என்று கொண்டால், 75 நிமிடத்தில் 12,000 அடி. அதாவது, ஒரே நலத்தைப் பெறுவதற்கு ஓடுபவர் நிலத்தை மிதிக்கும் முறை குறைவு. ஓடுபவரது அடி கனமாக விழுகிறது என்பது உண்மையே. ஆயினும் சிற்றெறும்புக்கு நடப்பவர் எடையும் ஓடுபவர் எடையும் ஒன்றுதான். எனவே, மிதிபடும் இடங்களை மட்டும் எண்ணினால் கணக்கு ஓடுபவருக்கே சாதகமாக நிற்கிறது. தாயாரின் அச்சம் பொருளற்றது என்று இளைஞர் வாதிக்கவும் இடமுண்டு.

ஆனால் இக்கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. நடப்பவரும் ஓடுபவரும் கண்ணை மூடிக்கொண்டு செல்வதாகக் கருதினால்தான் இது சரி. கண்ணிருக்கிறது, கண்டதும் காலை விலக்கும் வாய்ப்பிருக்கிறது. அவ்வாய்ப்பு இருவருக்கும் சமமாக இல்லை.

நான்கு முழம் என்பது சுமார் ஆறடி, ஏறத்தாழ 1.8 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அத்தொலைவைக் கடக்க ஒரு நொடிக்கு மேலாகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அதனைக் கடந்துவிடுவார். இதனால் அறியத்தக்கது என்ன? நான்கு முழம் என்று ஆன்றோர் கூறியது வெறும் தொலைவின் அளவன்று. காண்பதற்கும் கருதுவதற்கும் காலை விலக்குவதற்கும் வேண்டிய கால அளவு அதனுள் அடங்கியிருக்கிறது. தொலைவை நீட்டி எட்டு முழம் பார்த்துக்கொண்டு ஓடலாமே எனின், அத்தொலைவில் எறும்பு கண்ணுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமன்று. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் நிலத்தில் ஊன்றியிருக்கும். ஆகவே தூக்கிய மற்றொரு காலை நினைத்த கணத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஓடும்போதோ ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரு கால்களும் நிலத்தை விட்டு நீங்கும் ஒரு கணம் உண்டு. அக்கணத்தில் கீழே உயிர் ஒன்று இருப்பதைக் கண்டாலும் உடல் விழுந்தே தீரும், மீட்டுக்கொள்ள இயலாது. மீட்டுக்கொள்ள இயலாத ஒரு கணத்தை நாமே விரும்பி மீண்டும் மீண்டும் உண்டாக்கிக்கொள்கிறோம் என்பதே ஓட்டத்தைப் பற்றிய அறவினாவின் உட்கிடை.

அசாக்கிரதையே ஹிம்சை

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் நீங்குதலை மட்டும் கூறி அமையவில்லை. பிரமாதத்தின், அதாவது அசாக்கிரதையின், வழிப்பட்ட செயலால் உயிர்க்கு இறுதி நேர்தலையே ஹிம்சை என்றார். குந்தகுந்தாசாரியாரும் பிரவசன சாரத்தில் இக்கருத்தை இன்னும் ஆழப்படுத்துகிறார். உயிர் மடியினும் பிழைப்பினும் கவனமின்றி ஒழுகுபவனுக்கு ஹிம்சை உறுதி. சமிதியோடு ஒழுகுபவனுக்கு, நேர்ந்துவிட்ட உயிரிழப்பினால் மட்டும் பந்தம் இல்லை என்பது அவர் காட்டும் நெறி.

இதனை நம் வினாவோடு பொருத்திப் பார்ப்போம். கைப்பேசியில் உரையாடிக்கொண்டு நடப்பவரும், காதில் கருவியைச் செருகிப் பாட்டில் ஆழ்ந்து நடப்பவரும் மெதுவாகச் செல்கின்றனர் என்பதனால் மட்டும் குற்றமற்றவர் ஆகார். நிலத்தில் கண் பதித்து, வேகத்தை அடக்கி ஓடுபவர் அவரினும் மேலானவர். குற்றம் வேகத்தில் தொடங்குவதன்று; மனத்தில் தொடங்குகிறது.

அப்படியானால், கவனமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எத்தனை உயிர் மடிந்தாலும் ஓடலாமா என்று ஒருவர் வினவலாம். இது தக்க வினாவே. இதற்கு விடை: கவனம் என்பது மனத்துள் மட்டும் ஒளிந்து கிடக்கும் பொருளன்று. உண்மையான கவனம் செயலை மாற்றும், செல்லும் நேரத்தை மாற்றும், இடத்தை மாற்றும், வேகத்தை மாற்றும். எதனையும் மாற்றாத கவனம் வெறும் சொல்லே. காண முடியாத நிலையைத் தானே தேர்ந்துகொண்டு, பின்னர் 'நான் காணவில்லையே' என்று கூறுபவன், காணாமையைச் சாக்காகக் காட்ட முடியாது. அத்தேர்வே பிரமாதம்.

இரவில் உண்ணாதவர் இருளில் ஓடலாமா?

நம் குடும்பங்களில் வேறு எது தளர்ந்தாலும் இரவுணவை நீக்குதல் என்னும் நோன்பு பெரும்பாலும் தளரவில்லை. வெளியூரில் தனித்து வாழும் பிள்ளைகளும் கதிரவன் மறைவதற்கு முன் உண்டுவிடுவதைக் காண்கிறோம். இவ்வொழுக்கத்தின் காரணங்களுள் தலையாயது யாது? இருளில் உணவின்மீது வந்து விழும் சிற்றுயிர்களைக் காண இயலாது என்பதே.

அதே பிள்ளை விடியற்காலை நாலரை மணிக்கு, கிழக்கு வெளுக்கும் முன்னே, மண்வழியில் ஓடுகிறான் எனின், தட்டில் இருக்கும் உயிருக்கு ஒரு நீதி, தடத்தில் இருக்கும் உயிருக்கு ஒரு நீதி என்று ஆகிவிடாதா? தட்டைப் பார்க்கும் கண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் தடத்தைப் பார்க்கும் கண்ணுக்கும் வேண்டும். உள்ளங்கை ரேகை தெரியும் வெளிச்சம் வந்தபின்னரே மண்ணில் கால் வைப்பது என்று ஒருவர் உறுதி கொண்டால், அவர் புதிய விரதம் எதனையும் மேற்கொள்ளவில்லை. தாம் ஏற்கெனவே காத்துவரும் விரதத்தின் பொருளைத்தான் இன்னும் ஓரிடத்துக்கு நீட்டுகிறார்.

மழைக்காலத்துக்கும் இதுவே பொருந்தும். முனிவர் மழைக்காலத்தில் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் நாமறிந்ததே. அக்காலத்தில் நிலமெங்கும் புல்லும் பூச்சியும் பல்கிப் பெருகுதலால், நடப்பதே உயிர்க்குத் தீங்காகும் என்பது அதன் காரணம். ஆஷாடத்தில் தொடங்கிக் கார்த்திகத்தில் முடியும் அக்கணக்கு வடநாட்டு மழையை ஒட்டியது. அந்தியூர் போன்ற ஊர்களிலோ பெருமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையிலும் நீளும். அப்போது இட்டேரியில் மண்ணுளியும் நத்தையும் மரவட்டையும் ஊரும். ஈசல் புற்றைவிட்டுப் புறப்படும். சங்கப் புலவர் மூதாய் என்று போற்றிய செந்நிறப் பட்டுப்பூச்சி செம்மண்ணில் சிந்திய குங்குமம்போல் பரவும். நாள்காட்டியில் சாதுர்மாசம் முடிந்தது என்று எண்ணி அவ்வழியில் ஓடுதல் விதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விடுதலாகும். நம் நாட்டில் நம் மழையை அன்றோ நாம் பார்க்க வேண்டும்?

பயனுடைய செலவும் பயனற்ற செலவும்

இல்லறத்தார்க்கு வகுத்த மூன்று குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றிப் பிற உயிர்க்கு ஊறு விளைக்கும் செயலை நீக்குதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதன் வகைகளை விரிக்குமிடத்துப் பிரமாதசரியை என்னும் வகையைக் கூறுகிறார். வீணே நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை முறித்தல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதில் சேர்த்திருக்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் ஓதுவோர் இதனை அறிவர். 'திரிதல்' என்னும் ஒரு சொல்லில் நம் காலத்து ஓட்டப் பொழுதுபோக்கு முழுவதும் அடங்கிவிடுகிறதோ என்று தோன்றும்.

இங்கே நிதானம் வேண்டும். ஆசாரியர் விலக்கியது பயனற்ற செலவை. செலவு அனைத்தையும் அன்று. நாம் உழுது வாழ்ந்த சமூகத்தினர். கலப்பை மண்ணைக் கீறும்போது உயிர்கள் மடிகின்றன என்பதை அறிந்தே நம் முன்னோர் உழுதனர். வாழ்வுக்கு வேண்டிய தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் ஊறு வேறு. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்யும் ஊறு வேறு என்று பகுத்து, முன்னதைக் குறைத்துக்கொள்ளவும் பின்னதை முற்றிலும் நீக்கவும் சிராவகனுக்கு வழிகாட்டியது நம் அறம். இளைஞர் ஓடுவது வீணுக்கன்று. நம் நாட்டில் நீரிழிவு நோயுடையோர் 10.1 கோடி பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டுள்ளது. தந்தையை இளவயதில் இழந்த ஒருவர் தம் உடலைக் காத்துக்கொள்ள முயல்வதை எவ்வாறு பயனற்றது என்று கூற இயலும்? தன்னுயிரும் உயிரே. தன்னைத் தானே கெடுத்துக்கொள்வதும் ஹிம்சையின்பாற்பட்டதே. அவரை நம்பியிருக்கும் தாயாருக்கும் அவர் உடல்நலம் தேவை.

ஆனால் பயன் எங்கே முடிகிறது என்பதையும் அவர் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டும். உடல்நலத்துக்கு வேண்டிய அளவு ஒன்று உண்டு. அதற்கு மேலும் ஓடுவது எதற்காக? நேற்றைய நேரத்தை இன்று முறியடிப்பதற்கா? பதக்கத்துக்கா? ஓடிய தொலைவைப் படம்பிடித்து நண்பர்க்குக் காட்டுவதற்கா? எண்வகை மதங்களுள் வலிமையால் வரும் செருக்கும் உடலால் வரும் செருக்கும் இடம்பெற்றிருப்பதை நினைவுகூர்தல் நன்று. நலம் வேண்டித் தொடங்கிய செயல் நாளடைவில் செருக்கை வேண்டி நடப்பதுண்டு. அவ்விடத்தில்தான் பயனுடைய செலவு பயனற்ற திரிதலாக மாறுகிறது. அவ்வெல்லையைப் பிறர் காட்ட இயலாது. ஓடுபவரே காண வேண்டும்.

ஓடும்போது மனம் தெளிகிறது, கவலை அகல்கிறது என்றும் அவ்விளைஞர் கூறினார். அதனையும் நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. மகிழ்ச்சி குற்றமன்று. காலை வெயிலில் பர்கூர் மலை நீலமாய்த் தெரிய, ஆட்காட்டிப் பறவை கூவ, இட்டேரியில் செல்வது இனிமையே. ஆனால் கீழே நோக்காமல் இருந்தால்தான் கிட்டும் இன்பம் எனின், அதன் விலையைக் கொடுப்பவர் நாமல்லர். காலடியில் கிடக்கும் உயிர்கள்.

பலர் கூடி ஓடுதல்

இக்காலத்தில் பெருங்கூட்டமாக ஓடும் விழாக்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. நகரச் சாலைகளில் மட்டுமன்றி, மலைப்புறங்களிலும் ஊர்ப்புறத்து மண்வழிகளிலும் அவை நடைபெறுகின்றன. தனித்து ஓடுபவருக்கு முன்னே வெறும் நிலம் இருக்கிறது. அவர் விரும்பினால் காணலாம். கூட்டத்தில் ஐம்பதாவதாக ஓடுபவருக்கு முன்னே இருப்பது பிறர் முதுகு. அவர் விரும்பினாலும் நிலத்தைக் காண இயலாது. நினைத்த இடத்தில் நிற்கவும் இயலாது. மண்வழியில் கூட்டமாக ஓடுதலைச் சிராவகன் தவிர்த்தல் நன்று எனத் தோன்றுகிறது. ஆசாரியர் தாம் திரிதலோடு பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்து விலக்கினார் என்பதையும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினையைத் தரும் என்பதையும் அவ்விழாக்களை நடத்த முற்படுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அறப்பணிக்கு நிதி திரட்டுவதே நோக்கமாயினும், தார்ச்சாலையிலோ விளையாட்டுத் திடலிலோ அதனை நடத்தத் தடை ஒன்றும் இல்லை.

காட்டைப் பற்றியும் ஒரு சொல். அந்தியூருக்கு வடக்கே வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டினால் பர்கூர் மலைக்காடு தொடங்குகிறது. அணைக்கு யானைகள் நீரருந்த வருவதுண்டு. அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு, 2024ஆம் ஆண்டில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கே காலடியில் இருக்கும் உயிருக்கு மட்டுமன்று, ஓடுபவர் உயிருக்கும் இடையூறு உண்டு. மிரண்ட யானையால் பின்வருவோர்க்கும் இடையூறு உண்டு. மலையடிவாரத்தோடு திரும்பிவிடுவதே முறை. திக்விரதமும் தேசவிரதமும் நமக்குக் கற்பிப்பது இதைத்தானே? இத்திசையில் இவ்வளவு, இன்றைக்கு இம்மரம் வரை என்று எல்லை வகுத்துக்கொள்ளுதல் நம் மரபில் ஓர் அறமாகவே கொள்ளப்பட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீண்டுகொண்டே போகும் ஆசைக்கு அவ்வெல்லை ஒரு வேலி. இட்டேரியின் உயிர்வேலியைப் போலவே அதுவும் பல உயிர்களைக் காக்கும்.

தாயும் மருத்துவரும்

இனி வினாவுக்கு வருவோம். தாயின் சொல்லையும் மருத்துவரின் சொல்லையும் எதிரெதிரே நிறுத்திக்கொண்டதனால்தான் இளைஞருக்கு இவ்விடர்ப்பாடு தோன்றியது. மருத்துவர் வேண்டுவது உழைப்பு. இட்டேரியில் ஓட வேண்டும் என்று அவர் கூறவில்லை. தாயார் அஞ்சியது அக்காலணியின் அடியில் கண்டதை. மகன் நோயுற்று வாழவேண்டும் என்று எந்தத் தாய் விரும்புவாள்? இருவர் சொல்லையும் ஒருங்கே கேட்க வழியுண்டு.

ஓட வேண்டுமாயின் பள்ளித் திடலிலோ, போக்குவரத்துக் குறைந்த தார்ச்சாலை ஓரத்திலோ, மாடும் மனிதரும் மிதித்து இறுகிய வெற்று நிலத்திலோ ஓடலாம். அங்கும் உயிர்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் குறைவு, தெளிவாகத் தெரியவும் செய்யும். இட்டேரிக்குள் நுழைந்ததும் ஓட்டத்தை நடையாக்கிக்கொள்ளலாம். அதனால் இழப்பது சிறிது நேரம். பெறுவது காணும் கண். நெடுவழியைப் பகுதி பகுதியாகக் கடக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஓடத்தக்க பகுதியை ஓடியும் நடக்கத்தக்க பகுதியை நடந்தும் கடந்தால், பவானியிலிருந்து மலையடிவாரம் வரையுள்ள வழி முன்னினும் நன்றாக அவருக்குத் தெரியவரும். வெளிச்சம் வருமுன் வேண்டாம். மழை பெய்த மறுநாள் மண்ணில் வேண்டாம். காதை அடைக்கும் கருவி வேண்டாம். வீடு திரும்பியதும் காலணியின் அடியைத் தாயார் பார்க்கும் முன் தாமே பார்த்துக்கொள்ளலாம். அதில் ஏதேனும் இருந்தால், அன்றைய பிரதிக்கிரமணத்தில் அது நினைவுக்கு வரட்டும். நாளைய நடையில் கண் இன்னும் கூர்மையாகட்டும்.

இவ்வளவும் செய்தாலும் மீதம் ஒன்று இருக்கும். எத்துணை எச்சரிக்கையோடு சென்றாலும் இல்லறத்தானின் காலடியில் ஏதேனும் ஓர் உயிர் மடியத்தான் செய்யும். அந்தியூருக்கு அவர் பேருந்தில் வருவதாலும், நாம் உழுது விளைத்த சோற்றை உண்பதாலும் அவ்வாறே. ஆகவே ஓட்டத்தை மட்டும் தனியே பிடித்துப் பழித்துவிட்டு, காரில் விரைவதைப் பற்றி வாய்திறவாமல் இருப்பது நடுநிலை ஆகாது. அம்மீதத்தைக் கண்டு அஞ்சிக் கட்டிலில் முடங்குவதும் அறமன்று. அதனைக் காரணமாகக் காட்டி, எப்படியும் மடியத்தானே போகின்றன என்று கண்ணை மூடிக்கொள்வதும் அறமன்று. மீதம் உண்டு என்பதை மறவாமல், அதனை நாள்தோறும் ஓர் அடியேனும் குறைத்துக்கொண்டே செல்லுதல் சிராவகனின் வழி. முனிவர் முழுமையாகக் கைக்கொண்ட ஒழுக்கத்தை நாம் சிறிதளவேனும் பின்பற்றுதல் என்பதற்கு அணுவிரதம் என்னும் பெயரே சான்று.

தாயார் காலணியைத் திருப்பிப் பார்த்தது ஒரு சிறு செயல். அவர் சாத்திரம் எதனையும் எடுத்துக் காட்டவில்லை, பார்த்தார், வருந்தினார். ஈர்யா சமிதியின் உயிர்ப்பொருள் அப்பார்வையிலேயே அடங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் நலமாக வாழட்டும், நெடுவழி செல்லட்டும், ஓடவும் ஓடட்டும். அவர்கள் கால்கள் செல்லும் இடத்துக்கு அவர்கள் கண்கள் முன்னே செல்லட்டும்.